வர்ணத்துக்கும் வன்னமவுக்கும் நடுவில் ஒரு யானை

ஆடத் தெரிந்தால் போதும், ஆடுகிற வேலை தானாகக் கிடைத்துவிடும் என்று ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். சாப்பிடத் தெரிந்த எல்லாரும் சாப்பாட்டுக் கடை நடத்தலாம் என்று நம்புவதைப் போன்றதுதான் இதுவும். (அப்படி நம்பிக் கடை திறந்தவர்கள் மாத்தளை டவுனில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் என்னைப் பார்த்து மட்டும் யாரும் சிரிக்க வேண்டாம்.)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சின்ன வயதிலிருந்தே பரதநாட்டியம் படித்தவள். பரீட்சை எல்லாம் பாஸ். சான்றிதழ்களை அம்மா லெமினேட் பண்ணி, தன் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் மாட்டியிருந்தார். வருகிறவர்களுக்கு டீ கொடுக்கும் முன்பே அந்தச் சுவரைக் காட்டுவார். அவ்வளவு பெருமை. ஆனால் ஆட்டத்தையே வேலையாகச் செய்யப்போகிறேன் என்று நான் வாய் திறந்த அன்று அந்தப் பெருமை எங்கே போனதென்று தெரியவில்லை.

"சீமெந்து இன்னிக்கும் விக்கும், நாளைக்கும் விக்கும். ஆட்டத்த யாரு புள்ள மூட்ட மூட்டையா வாங்குவா?" என்றார்.

சீமெந்து இங்கே எதற்கு வந்தது என்றால், என் பெரிய மாமாவுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை இருந்தது. அங்கே கெஷியர் நாற்காலி காலியாக இருந்தது. அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட வேண்டும் என்று அம்மாவும் மாமாவும் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள்.

என் பக்கம் நின்றவர் அப்பா மட்டும்தான். அப்பாவுக்குப் பலாபத்வலையில், யாழ்ப்பாணம் போகிற பெரிய ரோட்டோரம், ஒரு ஸ்பைஸ் கார்டனில் கைட் வேலை. வெள்ளைக்காரர்களை அழைத்துப்போய் மிளகுக் கொடியையும் கறுவா மரத்தையும் காட்டுவார். ஒரு கறுவாப் பட்டையைக் கையில் எடுத்தாரென்றால் மூட்டு வலியில் தொடங்கி, முடி உதிர்வு வழியாகப் போய், புருஷன் பெண்சாதி ஒற்றுமையில் கொண்டுவந்து முடிப்பார். பேசினால் எதையும் நடத்திவிடலாம் என்பது அவருடைய கொள்கை.

"ஒரே ஒரு தடவ போயிட்டு வரட்டுமே," என்றார் அப்பா.

"சரி. ஒரே ஒரு தடவ. கெடைக்காட்டி திங்கக்கெழம காலையில அண்ணன் கடையில இருக்கணும். அப்புறம் ரெண்டு பேரும் ஆட்டம் பாட்டமுன்னு வாயத் தொறக்கப்படாது," என்றார் அம்மா.

அந்த ஒரே ஒரு தடவை எதுவென்பது ஏற்கெனவே என் போனில் இருந்தது. தம்புள்ளைப் பக்கத்து ஹோட்டல்களில் சாயங்கால நேரத்தில் கலை நிகழ்ச்சி நடத்தும் ஒரு குழுவுக்கு நடனக் கலைஞர்கள் தேவை என்று ஃபேஸ்புக்கில் ஒரு அறிவித்தல். சனிக்கிழமை காலையில் நேர்முகத் தேர்வு. அறிவித்தல் சிங்களத்தில் இருந்தது. நான் சிங்களம் நன்றாகப் பேசுவேன். சந்தையில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. வாசிப்பதுதான் கொஞ்சம் மெதுவாக வரும். முதல் இரண்டு வரிகளை வாசித்தேன். மூன்றாவது வரியில் கொத்துக் கொத்தாகக் கூட்டெழுத்துகள் வந்ததும், மிச்சமெல்லாம் வாழ்த்துகளாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு தொழில்முறைத் திறன்களை வளர்க்கத் தொடங்கினேன். (இப்படி ஒரு சொல் இருப்பதே இன்டர்நெட்டில்தான் தெரிந்தது.) தொழில்முறை நடனக் கலைஞருக்கு மூன்று விஷயம் வேண்டும் என்று ஒரு வீடியோவில் ஒரு பெண் சொன்னாள்: அறிமுக வீடியோ, அழகான புன்னகை, தன்னம்பிக்கையான ஆங்கிலம்.

அறிமுக வீடியோவைத் தம்பி வீட்டு வாசலில் வைத்து எடுத்தான். நான் அரைமண்டியில் இறங்கிய நேரம் பார்த்துச் சூன் பாண் வண்டி வந்தது. பேக்கரியிலிருந்து பாண் கொண்டுவந்து விற்கிற அந்த த்ரீவீலர் தன் பாட்டைப் போட்டுக்கொண்டு எங்கள் வாசலிலேயே நின்றுவிட்டது. அதனால் என் அறிமுக வீடியோவில் நான் கண்களை உருட்டி ஆடுகிறேன், பின்னணியில் பாண் வண்டி இசைக்கிறது, அம்மாவின் குரல் "மாலு பாண் இருக்கா?" என்று கேட்கிறது. (மாலு பாண் என்றால் மீன் அடைத்த பணிஸ்.) புன்னகையைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். தம்பி பார்த்துவிட்டு, பல் வலியா என்று கேட்டான். ஆங்கிலத்துக்கு அப்பா பொறுப்பெடுத்தார். அவர் சொல்லிக் கொடுத்த வாக்கியங்கள் எல்லாவற்றிலும் கடைசியில் 'நோ சைட் எஃபெக்ட்' என்று வந்தது.

சனிக்கிழமை விடிந்தது. தொழில்முறைக் கலைஞர் முழுத் தயார்நிலையில் போக வேண்டும் என்று எங்கோ கேட்டிருந்தேன். அதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்றால், வீட்டிலிருந்தே முழு அலங்காரத்துடன் கிளம்பிவிட்டேன். விசிறி மடிப்பு வைத்த பட்டு உடை, நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், சடையில் குஞ்சலம், கையில் சிவப்புச் சாயம், காது வரை மை. இந்தக் கோலத்தில் தம்புள்ளை பஸ்ஸில் ஏறினேன். அப்பா பின்னால் சலங்கைப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பஸ்ஸில் இருந்தவர்கள் மரியாதையாக வழிவிட்டார்கள். முன் சீட்டில் இருந்த ஒரு முஸ்லிம் பெண்மணி எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"மாஷா அல்லாஹ். கலியாணமா மகள்?"

"இல்ல தாத்தா, இன்டர்வியூ," என்றார் அப்பா. (எங்கள் ஊர் முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். அப்பாவும் அப்படித்தான் கூப்பிடுவார்.)

அவர் என்னை நெற்றிச்சுட்டியிலிருந்து கால் கொலுசு வரை ஒரு தடவை பார்த்தார். "எந்த பேங்க்ல?" என்று கேட்டார்.

ஹோட்டலுக்குப் பின்பக்கம் சீமெந்துத் தரை போட்ட ஒரு பெரிய மண்டபம். உள்ளே காலடி வைத்தேன். வந்திருந்த அத்தனை பேரும் டீசேர்ட் போட்டு, இடுப்பில் ஒரு துணியைக் கட்டி, தரையில் உட்கார்ந்து கால்களை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி உடையில் வரவும் என்பதுதான் நான் வாசிக்காமல் விட்ட மூன்றாவது வரி. நான் கல்யாண மண்டபம் மாறி வந்த மணப்பெண்போல வாசலில் நின்றேன். எல்லாருடைய கால்களும் நின்றுவிட்டன.

குழுவை நடத்துகிறவர் இரோஷா மிஸ். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. விரலை அசைத்தால் பத்துப் பேர் எழுந்து நிற்கிற மாதிரி ஒரு ஆள். அவருக்குப் பக்கத்தில் மேளக்காரர் சரத் அய்யா உட்கார்ந்திருந்தார். (சிங்களத்தில் அய்யா என்றால் அண்ணன்.) கண்டி நடனத்துக்கு அடிக்கிற மேளத்தைக் 'கெட்ட பெர' என்பார்கள். மேளத்தில் ஒரு கெட்டதும் இல்லை, பெயர் அப்படி.

இனி அங்கே பேசியதெல்லாம் சிங்களத்தில்தான். நான் எங்கள் வீட்டுப் பேச்சில் சொல்கிறேன்.

"நங்கி முழுசா ரெடியாகியே வந்திருக்கீங்களே. அப்ப நீங்களே மொதல்ல ஆடுங்க," என்றார் மிஸ். (நங்கி என்றால் தங்கச்சி.) பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். "வன்னமக் நட்டன்ன புளுவன்த?"

வன்னம என்பது கண்டி நடனத்தில் ஒரு வகை. யானை, மயில், குதிரை என்று ஒவ்வொரு உயிரின் நடையையும் ஆடிக் காட்டும் சின்ன ஆட்டம். சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஒரு வன்னம ஆடத் தெரியுமா என்பதுதான் கேள்வி. ஆனால் பரதநாட்டியத்தில் வர்ணம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு கச்சேரியின் நடுத்தூண் அது. அரைமணி நேரத்துக்குக் குறையாது. நாயகனைக் காணாமல் நாயகி உருகுவாள், தோழியைத் தூது விடுவாள், திட்டுவாள், அழுவாள், நடுநடுவே காலால் தரையை உடைப்பாள். எங்கள் பேச்சில் வர்ணத்தை வண்ணம் என்போம். என் காதில் விழுந்ததும் அதுதான். சிங்களவர் ஒருவர் நம்முடைய வர்ணத்தைக் கேட்கிறாரே என்று எனக்குப் புல்லரித்தது. வர்ணம் ஆடத் தெரிந்தவளுக்கு வேலை கொடுக்காமல் யாருக்குக் கொடுப்பார்கள்?

"புளுவன்!" என்றேன், கண்ணாடி முன்னால் பழகிய புன்னகையுடன்.

மிஸ் மேளக்காரர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அதில் 'கஜ' என்பது மட்டும் எனக்குக் கேட்டது. யானை வன்னம அடியுங்கள் என்று சொல்லியிருக்கிறார். நானோ, கஜமுகனை வணங்கிவிட்டுத் தொடங்கச் சொல்கிறார்கள், என்ன பக்தியான மனிதர்கள் என்று நினைத்தேன். பாட்டு இருக்கிற பென் டிரைவை நீட்டியபோது மிஸ் கையை அசைத்து மறுத்தார். மேளம் இருக்கும்போது அது எதற்கு?

சரத் அய்யா மேளத்தில் கை வைத்தார். நான் பிள்ளையார் முத்திரை பிடித்து, ஒரு கையைத் தும்பிக்கையாக ஆட்டி, அசைந்து அசைந்து முன்னால் வந்தேன். மிஸ்ஸின் முகம் மலர்ந்தது. யானை வந்துவிட்டதல்லவா? பிள்ளையாரைக் கும்பிட்டு முடித்ததும் நான் வர்ணத்துக்குள் இறங்கிவிட்டேன். அவர்கள் கண்ணுக்கு அதே யானைதான் ஆடிக்கொண்டிருந்தது.

யானை கண்ணுக்கு மை தீட்டியது. கண்ணாடி பார்த்தது. பூப் பறித்து மாலை கட்டியது. வாசலில் போய் நின்று கையை நெற்றியில் வைத்துத் தூரத்தில் யாரோ வருகிறார்களா என்று பார்த்தது. யாரும் வரவில்லை. யானை விம்மியது.

மேளம் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. அது காட்டு யானை ஆற்றுக்கு இறங்குகிற நடை. நான் பிடித்துக்கொண்டிருந்ததோ ஆதி தாளம். மனுஷன் தாளம் தப்பி அடிக்கிறார், பாவம், அவருக்கு வர்ணம் பழக்கமில்லை என்று இரக்கப்பட்டு, நானே ஸ்வரங்களைச் சத்தம் போட்டுப் பாடிக்கொண்டு ஆடினேன். சரத் அய்யாவும் என்மேல் இரக்கப்பட்டு இன்னும் அழுத்தி அழுத்தி அடித்தார். இரக்கம் கூடக் கூட இருவருக்கும் வியர்த்தது.

அப்பா சும்மா இருந்திருக்கலாம். அவரால் முடியாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மிஸ்ஸின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்பைஸ் கார்டனில் நிற்பதுபோலவே போய் நின்றார்.

"ஏன் அழுவுது?" என்று மிஸ் மெதுவாகக் கேட்டது எனக்குக் கேட்டது.

"ஜோடி இன்னும் வரல்ல மிஸ். அதான் கவல."

"எங்க போயிருக்கு?"

"மலையில இருக்கு."

மிஸ் தலையாட்டினார். யானை மலையில் இருப்பது நியாயமாகத்தான் பட்டிருக்கும். "அப்ப எறங்கி வந்துருமா?"

"வந்துரும் மிஸ், வந்துரும். மயில்ல ஏறித்தான் வரணும்," என்றார் அப்பா. என் வர்ணத்தின் நாயகன் முருகன்.

"மயில்லயா?"

அந்த நேரத்தில்தான் மேளம் ஒரு அடி தப்பியது.

"ஹொந்தய், ஹொந்தய்," என்றார் மிஸ். ஹொந்தய் என்றால் நல்லது. இது போதும், நிறுத்து என்பதையும் சிங்களத்தில் மரியாதையாக அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு இரண்டும் தெரியும். ஆனால் பாராட்டுக்காகத் தவித்துக்கொண்டிருந்தவளுக்கு இரண்டாவது அர்த்தம் எப்படி ஞாபகம் வரும்? ஆஹா, ரசிக்கிறார்கள் என்று உற்சாகம் பொங்கி, சுருக்கமாக ஆட நினைத்த பகுதியையும் விரிவாக ஆடினேன். "ஹொந்தய் நங்கி!" என்றார் மிஸ் கொஞ்சம் சத்தமாக. நான் இன்னும் வேகமாக ஆடினேன். மூலையில் இருந்தவர்களில் சிலர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்கள். ஒருவன் சப்பாத்தைக் கழற்றித் திரும்பவும் போட்டான்.

கடைசியில் என்னை நிறுத்தியது சலங்கைதான். கயிறு அறுந்து மணிகள் தரையெல்லாம் ஓடின. அதில் ஒன்றின்மேல் கால் வைத்தேன். பட்டு உடையின் விசிறி மடிப்பு முழுவதுமாக விரிய, மண்டபத்தின் நடுவில் தொப்பென்று உட்கார்ந்தேன். சரத் அய்யா எப்படித்தான் கணித்தாரோ, அதே நொடியில் ஓங்கி ஒரு முத்தாய்ப்பு அடித்து மேளத்தையும் முடித்துவிட்டார். ஏதோ நாங்கள் பேசிவைத்து முடித்ததுபோல இருந்தது.

கண் மை கன்னம் வரை வந்திருந்தது. மிஸ் எழுந்து வந்து என் முன்னால் குந்தி உட்கார்ந்து, நோயாளியிடம் கேட்பதுபோல மெல்லக் கேட்டார்.

"நங்கி, அந்த யானைக்கு என்னா ஆச்சு?"

"எந்த யானை மிஸ்?" என்றேன்.

பிறகு விளக்கங்கள் நடந்தன. வன்னம என்றால் என்ன, வர்ணம் என்றால் என்ன, மயிலில் ஏறுவது யார், மலையில் இருப்பது யார். அப்பா எல்லாவற்றையும் பேசிச் சரிசெய்யப் பார்த்தார். பேசப் பேச நிலைமை மோசமானது. சரத் அய்யா நெற்றியை மேளத்தின்மேல் வைத்துக்கொண்டு குலுங்கினார். முதலில் அழுகிறார் என்று நினைத்தேன். மண்டபமே சிரித்தது. எனக்கு மாமாவின் கெஷியர் நாற்காலி கண்ணில் தெரிந்தது. அதன் பின்னால் அடுக்கிய சீமெந்து மூட்டைகளும் தெரிந்தன.

கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் உருண்டோடிய சலங்கை மணிகளைப் பொறுக்க வேண்டியிருந்தது. அதனால்தான் அடுத்து ஆடியவளைப் பார்த்தேன். அந்த மணிகளுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

அவள் பெயர் தில்ஹானி. வில்கமுவையிலிருந்து வந்தவள். அந்தப் பக்கம் பஸ் குறைவு. விடியும் முன்பே யாருடைய ட்ரக்டரிலோ தொற்றி வந்து, பஸ் பிடித்து வந்திருக்கிறாள். காற்றடித்தால் பறந்துபோகிற உடம்பு. சாயம் போன டீசேர்ட். "அதே வன்னமதான்," என்று சரத் அய்யாவிடம் சொல்லிவிட்டு நடுவில் போய் நின்றாள்.

மேளம் தொடங்கியது. எனக்குத் தாளம் தப்பி அடித்தாரே, அதே அடிதான். அவள் ஒரு காலை எடுத்து வைத்தாள். நான் கையில் மணிகளுடன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எப்படிச் சொல்வது? அந்தச் சின்ன உடம்பு இருந்த இடத்தில் ஒரு யானை நின்றது. அவள் முகத்தில் ஒரு பாவனையும் இல்லை. கண்ணை உருட்டவில்லை, உதட்டைப் பிதுக்கவில்லை. தோள் ஒரு பக்கம் சரிந்தது, எடை மறு காலுக்கு மாறியது, கை காற்றைத் துழாவி எதையோ மோந்து பார்த்தது. அவ்வளவுதான். மண்டபத்தின் கூரை தாழ்ந்துவிட்டதுபோல எனக்கு இருந்தது. அவள் என் பக்கம் திரும்பியபோது நான் உண்மையாகவே பின்னால் நகர்ந்தேன். அப்பா வாய் மூடி நின்றார். என் அப்பா பேசாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மாத்தளையில் பிறந்து வளர்ந்தவள் நான். வருஷா வருஷம் பெரஹரா ஊர்வலத்தில் இந்த ஆட்டக்காரர்கள் என் முன்னால் போயிருக்கிறார்கள். நான் ரோட்டோரம் நின்று ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு, யானை எப்போது வரும் என்று அவர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருக்கிறேன். யானை ஏற்கெனவே வந்துவிட்டது என்பது எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தபோது கொஞ்சம் முன்னால் விழுந்ததெல்லாம் ஒரு வெட்கமாகவே படவில்லை.

அன்று பின்னேரம் வரை அங்கேயே இருந்தோம். பையன்கள் ஆள் உயரத்துக்குத் தாவிச் சுழன்றார்கள். மேளம் நெஞ்சுக்குள்ளே அடித்தது. ஆனால் என்னை அசர வைத்தது வேறொன்று. எல்லாரும் உச்ச வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போது மிஸ் ஒரு விரலைத் தூக்கினார். அத்தனை பேரும் நின்றார்கள். ஒரு கால் கூடத் தள்ளாடவில்லை, ஒரு சலங்கை கூட ஒலிக்கவில்லை. நான் சின்ன வயதிலிருந்து ஆடக் கற்றவள். நிற்பதும் ஆட்டம்தான் என்று எனக்கு யாரும் சொன்னதில்லையோ, சொன்னபோது எனக்குக் காது கேட்கவில்லையோ, தெரியாது.

"ஆட்டம் இருக்கு," என்றார் மிஸ் என்னிடம் கடைசியில். "நிப்பாட்டத் தெரியல்ல. இங்க வர்றவங்களுக்குச் சோறு ஆறுறதுக்குள்ள ஆடி முடிக்கணும். இப்ப வேலைக்கு எடுக்க ஏலாது. சனிக்கெழமயில பழக வாங்க, பாப்போம்."

வேலை கிடைக்கவில்லை. சொன்ன சொல் சொன்ன சொல்தான். திங்கட்கிழமை காலை மாமாவின் கடையில் இருந்தேன்.

ஆனால் சனிக்கிழமைகளைப் பற்றி அம்மாவின் நிபந்தனையில் எதுவும் இல்லை. அப்பா அதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது அம்மா ஒரு முழு நாள் அவரோடு பேசவில்லை. நான் சனிக்கிழமை தோறும் தம்புள்ளைக்குப் போனேன், டீசேர்ட்டில். அங்கேதான் உண்மையான தொழில் படித்தேன். கைக்கண்ணாடி ஒன்றை வைத்துக்கொண்டு, குசினிக்குப் பக்கத்துச் சின்ன அறையில், பத்துப் பேர் முழங்கை இடிக்க, சட்டென்று மேக்கப் போடுவது. நீச்சல் தடாகத்துக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவில் இருக்கிற பாய் அளவு இடத்தில் ஆடுவது. முக்கியமாக, என் வாயை மூடிக்கொண்டு மேளத்தைக் கேட்பது.

யானை மட்டும் வரவே இல்லை. நான் பலமாகக் காலை ஊன்றி ஊன்றி நடந்தேன். யானை கனமல்லவா? கடையில் கெஷியர் மேசைக்குப் பின்னாலும் அப்படியே நடந்து பழகினேன். ஆணி வாங்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். "என்னா புள்ள, இடுப்புல வலியா? உங்கம்மாகிட்ட சொல்லவா?" என்று மாமா கேட்டார்.

தில்ஹானிதான் ஒரு நாள் என்னை நிறுத்தினாள். அவளும் நானும் அதற்குள் சிநேகிதிகளாகிவிட்டோம். நான் அவளுக்குக் கண்ணசைவு சொல்லிக் கொடுப்பேன், அவள் எனக்கு நடை.

"ஏன் இப்பிடி மிதிக்கிறீங்க சுதா அக்கே? யானை சத்தம் போடாது. எங்க வயலுக்கு ராவுல வந்து நிக்கிம், இலை கூட அசையாது. மூச்சு விடுறப்போதான் தெரியும், பக்கத்துல நிக்கிதுன்னு."

அவ்வளவு பெரிய ஒன்று அவ்வளவு மெதுவாக வருமா? அன்று காலை ஊன்றவே இல்லை. வைத்தேன், அவ்வளவுதான். சரத் அய்யா மேளத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்து, அடியைக் கொஞ்சம் தாழ்த்தினார். அந்த மாரி முடிந்து அடுத்த மாரி தொடங்கும் முன்பு மிஸ் என்னை வேலைக்கு எடுத்தார். தில்ஹானி மயிலுக்கு மாறினாள். நான் யானை ஆனேன்.

அம்மா ஒரே ஒரு சாயங்காலம் பார்க்க வந்தார். நல்ல சேலை கட்டி, தோல்வியைப் பார்க்க வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, கடைசி மேசையில் உட்கார்ந்தார். நான் ஆடி முடித்து உடை மாற்றிக்கொண்டு ஓடிவந்தபோது அவர் முன்னால் இருந்த தட்டில் கை வைத்திருக்கவில்லை. கண் ஈரமாக இருந்தது.

"எப்புடிம்மா இருந்துச்சு?"

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நீ எப்ப வந்த? ஒன்ன நான் காணவே இல்லையேடி. யானையத்தான் பாத்தேன்," என்றார்.

எத்தனையோ பேர் கைதட்டியிருக்கிறார்கள். அதற்கு மேல் ஒரு பாராட்டு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் உக்குவளையிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தார்கள். மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, இன்னும் ஒரு வேன் ஆட்கள். மாப்பிள்ளையின் அம்மா டீயைக் கையில் எடுத்துக்கொண்டு, புள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார். நான் பதில் யோசிக்கும் முன்பே என் அம்மா முந்திக்கொண்டார். தட்டில் கேக் துண்டுகளை அடுக்கியபடியே, நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்.

"தம்புள்ள ஹோட்டல்ல யானையா இருக்கு. நிரந்தர வேல. சம்பளத்துல ஈபிஎஃப் எல்லாம் வெட்டுறாங்க."

அந்த அம்மா கப்பைக் கீழே வைத்தார். வேனில் வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்பா கறுவாவின் நன்மைகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார். மாப்பிள்ளை மட்டும் என்னைப் பார்த்து, "நான் ஒரு நாளைக்கி வந்து பாக்கலாமா?" என்று கேட்டார்.

வந்து பார்த்தார். இரண்டாவது தடவை தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணம் ஆகி இப்போது சில வருஷங்கள் ஆகின்றன. எங்கள் இரண்டு குடும்பத்திலும் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. பாகன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். (யார் யாரை மேய்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.) பக்கத்து வீட்டுக்காரர்கள் அது அவருடைய உண்மையான பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நேற்றும் மாமியார் போன் எடுத்தார், எடுத்ததும் வழக்கம்போல, "பாகன் சாப்புட்டானா?" என்று கேட்டார்.